சைக்கிளுக்கும் ஒரு சீட்

போன சனிக்கிழமை மத்தியானம் ஈப்போ டாக்சி ஸ்டாண்டில் நான், என் மனைவி பரிமளா, ஒரு சைக்கிள் — மூவரும் வெயிலில் நின்றிருந்தோம்.

டாக்சிக்காரர் செல்வம் எங்களை ஒருமுறை சுற்றி வந்தார். எங்களை அதிகம் கண்டுகொள்ளவில்லை. சைக்கிளைத்தான் பெண் பார்க்க வந்தவர் போல மேலும் கீழும் பார்த்தார்.

“இது எங்க போவுது?”

“எங்களோடதான். லுமுட்டுக்கு.”

“அப்ப அதுவும் ஒரு ஆளு லா. நீங்க ரெண்டு பேரு, சைக்கிளு ஒண்ணு, மொத்தம் மூணு. இன்னும் ஒரு ஆளு வரட்டும், கெளம்பலாம்.”

சைக்கிள் ஆளா, சாமானா என்று அவரோடு கால் மணி நேரம் வாதாடினேன். பரிமளா தலையிடவே இல்லை. நான் வாதாடி முடிப்பதற்குள் முன்சக்கரத்தைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டாள். சைக்கிளின் உடம்பு டாக்சியின் பின்னால் பாதி உள்ளே, பாதி வெளியே, கயிற்றுக்கட்டோடு படுத்துக்கொண்டது. முன்சக்கரம் என் மடியில். நாலாவது ஆளாக வந்த சீனப் பெரியவர் முன்சீட்டில் ஏறி, திரும்பி என் மடியைப் பார்த்தார். பிறகு சித்தியவான் வரும்வரை திரும்பவே இல்லை.

எதற்கு இந்தப் பயணம் என்றுதானே கேட்கிறீர்கள்?

என் மனைவி ட்ரையத்லான் போட்டியில் கலந்துகொள்கிறாள்.

போன மாதம்வரை எனக்கும் அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. முதலில் கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல். கரையேறி, அந்த ஈரத்தோடு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே காலையில், ஒன்றன்பின் ஒன்றாக. இதைச் செய்யச்சொல்லி யாரும் அவளை மிரட்டவில்லை. அவளாகவே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

பரிமளா மருத்துவமனையில் மிஸி, அதாவது நர்ஸ். சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஆற்றில் நீந்தி, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்து வளர்ந்தவள். ஒரு வருஷமாக விடியலில் பாடாங் திடலைச் சுற்றி ஓடுகிறாள். வாரத்தில் மூன்று நாள் நகரசபை நீச்சல் குளம். வேலைக்குச் சைக்கிள்தான். நான் எழுந்து பல் விளக்கும்போது அவள் வியர்வையோடு வீட்டுக்குள் வருவாள். “நல்லா ஓடினியா?” என்று கேட்பேன். “ம்…” என்பாள். அவள் பயிற்சியில் என்னுடைய பங்கு அவ்வளவுதான்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

“போட்டி லுமுட்ல, தெலுக் பாத்திக் கடற்கரையில. ஞாயித்துக்கெழம காலையில ஏழரைக்கு. ஆறே முக்காலுக்குள்ள பேரு குடுக்கணும். மொத நாளே போயித் தங்கினாத்தான் சரியா வரும். போற வழி, தங்குற எடம் — இத மட்டும் நீங்க பாத்துக்கிறீங்களா?”

அந்த ‘மட்டும்’ என்ற வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும். மற்றதையெல்லாம் தானே பார்த்துக்கொள்வேன் என்பது அதற்குள் இருந்தது. எனக்கோ பெருமை காதை அடைத்துவிட்டது. அலுவலகத்தில் எங்கள் பெரியவர் வெளியூர் போனால் வண்டி, ரூம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற கிராணி, அதாவது குமாஸ்தா, யார்? நான்தானே. அவருக்கே செய்கிறவன் பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டேனா?

ஒரு ஃபைல் திறந்தேன். மேலே அழகாக ‘லுமுட்’ என்று எழுதினேன். கடற்கரைக்குப் பக்கத்து ரெஸ்ட் ஹவுஸுக்குக் கடிதம் போட்டேன். பத்தே நாளில் பதில் வந்தது. மாடியில் ஒரு ரூம். கடலைப் பார்த்த ஜன்னல். போட்டி தொடங்கும் இடம் ஐந்து நிமிட நடை. பரிமளா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“ஆறரைக்குக் கொஞ்சமாச் சாப்பிட்டு எட்டு மணிக்குத் தூங்கிருவேன். நாலரைக்கு எந்திரிக்கணும். இது போதும்.”

அங்கேயே ஃபைலை மூடிப் பூட்டியிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத வேறு விஷயம் தேடியிருப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன் என் பெரியப்பா மகன் முனியாண்டி அண்ணன் ஏதோ சாமான் வாங்க ஈப்போவுக்கு வந்தார். சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோர். ரப்பரில் பாதியை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை போட்டாயிற்று. வேலையாட்களை மேய்க்கும் அண்ணன் மட்டும் அப்படியே இருக்கிறார். அவரை ஒரு மாமாக் தேநீர்க் கடையில் உட்காரவைத்துத் தே வாங்கிக் கொடுத்தேன். வாய் சும்மா இருக்குமா? போட்டியைப் பற்றிச் சொன்னேன்.

“எங்க தங்குறீங்க?”

“ரெஸ்ட் ஹவுஸ்ல, அண்ணே.”

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நம் ஆட்கள் கோபப்பட்டால் சமாளித்துவிடலாம். பேசாமல் இருந்தால் என்ன செய்வது?

கடைசியில் கேட்டார்.

“பத்துக் கட்டையில, பத்தே மைல்ல, நம்ம வீடு இருக்கு. தம்பி பெண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்து, ரெஸ்ட் ஹவுஸ்ல படுத்துட்டுப் போனான்னு ஒங்க அண்ணிகிட்ட நான் எப்படிடா சொல்வேன்?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘அண்ணே, போட்டி முடிந்ததும் வந்து இரண்டு நாள் தங்குகிறோம். அதற்கு முந்தின நாள் அவளுக்குத் தூக்கம் வேண்டும்.’ இரண்டே வாக்கியம். இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

அன்றைக்கு என் வாயில் வந்தது, “சரிண்ணே.”

ரெஸ்ட் ஹவுஸுக்கு அன்றே கடிதம் எழுதினேன் — ரூம் வேண்டாம் என்று. நகல் எடுத்து ஃபைலில் வைத்தேன். அதிலெல்லாம் நான் குறை வைப்பதில்லை. பரிமளாவிடம் சொல்லத்தான் நாலு நாள் ஆயிற்று. அவள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தபோதும் நிறுத்தவில்லை.

“வீட்டுல எத்தன பேரு?”

“அண்ணன், அண்ணி, ரெண்டு பிள்ளைங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவேதான்.”

பம்பைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்தப் பார்வையை நான் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் நினைத்ததுதான் நடந்திருக்கிறது.

பிள்ளைகள் இருவரையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை அந்த டாக்சியில் கிளம்பினோம். பத்து காஜா, பாரிட், போத்தா என்று சுற்றி, சீனப் பெரியவரைச் சித்தியவானில் இறக்கிவிட்டு, நாலு மணி வாக்கில் தோட்டத்துக்குள் நுழைந்தோம். டிரைவர் செல்வத்துக்குச் சித்தியவானில் அக்கா வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருப்பாராம். எவ்வளவு வசதி. உடனே ஏற்பாடு செய்தேன்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு இங்க வந்துடுங்க. லேட் பண்ணக் கூடாது.”

“சரி அண்ணே. அஞ்சுன்னா அஞ்சுதான்.”

ஃபைலில் ஒரு டிக் போட்டேன்.

அண்ணன் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. நாலு பேர் செருப்பு இல்லை, ஒரு கல்யாண வீட்டுச் செருப்பு. லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும், கடலில் நீந்தப்போகும் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். கொல்லைப்புறம் ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை. பரிமளா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கமலா அண்ணி ஓடி வந்து பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். இன்றும் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர். உள்ளங்கை உப்புத்தாள் போல இருக்கும்.

“கடலுக்குள்ள எறங்கப்போறியாமே. எந்தச் சாமிக்கு வேண்டுதல்?”

“வேண்டுதல் இல்ல அண்ணி. போட்டி.”

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவுக்கு வேறு கவலை. “சீலையோடவா நீந்துவ?”

“இல்லக்கா. அதுக்குன்னு உடுப்பு இருக்கு.”

“ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?”

“கோப்பை. ஆனா நான் ஜெயிக்க மாட்டேன். என்னவிட வேகமா நெறையப் பேரு இருக்காங்க.”

“பின்ன எதுக்குப் போற?”

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும்தான். இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

“என்னால முடியுதான்னு பாக்கணும்க்கா.”

அண்ணிதான் பேசினார்.

“நாங்க நாலு மணிக்கு எந்திரிச்சு, பெரட்டுல வரிசையா நின்னு பேரு குடுத்து, நானூறு மரம் வெட்டிட்டு வாரோம். ஒன்னால முடியுதான்னு ஒருத்தன் கேட்டதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஆறாயிற்று. கூட்டம் குறையவில்லை, ஏறியது. சட்டியில் கறி. இன்னொரு சட்டியில் நண்டு. பரிமளாவுக்கு வேண்டியதோ ஒரு பிடி சோறும் அமைதியும். ரேடியோ ஒரு பக்கம் பாட, பிள்ளைகள் சைக்கிள் பெடலைச் சுற்றிச்சுற்றி விளையாட, அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏற்பாட்டுக்காரன் நான்தானே? காரியத்தில் இறங்கினேன்.

அண்ணியிடம் போய், “அவ கறி சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றேன்.

அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டபோது, “அவளுக்குச் சனிக்கிழமை வெரதம்” என்றேன்.

லெட்சுமி அக்கா பேச்சுத் துணைக்கு உட்கார வந்தபோது, “அவளுக்குத் தலவலிக்கா, பேச முடியாது” என்றேன்.

மூன்று ஆளுக்கு மூன்று காரணம். ஆளுக்கேற்றபடி அளவெடுத்துத் தைத்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு வாசலில் காற்று வாங்கினேன்.

ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். மூன்று பேரும் ஒரே சமையலறைக்குள்தான் போவார்கள்.

பத்து நிமிஷத்தில் அண்ணி வெளியே வந்தார். கையில் கஷாயம். பின்னால் அண்ணன். அவருக்குப் பின்னால் லெட்சுமி அக்கா.

“தம்பி, மறைக்காமச் சொல்லு. இந்தப் புள்ளைக்கு ஒடம்புக்கு என்னா?”

“ஒண்ணும் இல்லியே அண்ணி.”

“டாக்டர் கறி திங்கக் கூடாதுங்கிறாரு. தலவலின்னு சுருண்டு கெடக்கு. இதுல வெரதம் வேற. இந்த நெலமையில இத நீ கடல்ல எறக்குவியா?”

“அண்ணி, அது வந்து…”

அண்ணன் குறுக்கே வந்தார். மண்டோர் குரல்.

“நாளைக்குப் போக வேணாம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவ அப்பாவுக்கு நான்தான் பதில் சொல்லணும். என் வீட்டுல இருந்து அனுப்ப மாட்டேன்.”

ஒரு வருஷ ஓட்டம், ஒரு வருஷ நீச்சல். எல்லாவற்றையும் ஒரு மாலை நேரத்தில் மூன்று பொய்யால் முடித்துவைத்துவிட்டேனே. நாலாவதாக ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினேன். சத்தியமாகத் தேடினேன்.

அதற்குள் பரிமளா எழுந்து வந்துவிட்டாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“அண்ணி, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வெரதமும் இல்ல. போட்டிக்கு மொத நாளு வயிறு லேசா இருக்கணும். கொஞ்சம் சோறும் ரசமும் குடுங்க. எட்டு மணிக்குத் தூங்கணும். நாளைக்கு வந்து ஒங்க கறிய ஒரு கை பாக்குறேன்.”

அவ்வளவுதான். நான் மூன்று வாரமாகச் சொல்லாத விஷயம் முடிந்துவிட்டது.

அண்ணி கஷாயத்தை என் கையில் திணித்தார். “இத மொதல்லயே சொன்னா என்னவாம்?”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரேடியோ நின்றது. பிள்ளைகள் லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போயாயிற்று. வாசல் செருப்புகள் ஒவ்வொரு ஜோடியாக மறைந்தன. அண்ணன் படியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் கை காட்டியே திருப்பி அனுப்பினார். எட்டு மணிக்குப் பரிமளா தூங்கிவிட்டாள். நான் சமையலறையில் தனியாக உட்கார்ந்து, எலும்பைக்கூடச் சத்தம் போடாமல் கடித்தேன். கஷாயத்தையும் குடித்தேன். கீழே ஊற்றினால் அண்ணிக்குச் சத்தம் கேட்கும்.

விடியலில் நான் எழுந்தபோது அண்ணி ஏற்கெனவே குளித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். தினமும் எழுகிற நேரம்தானாம். பரிமளா தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, வாழைப்பழமும் ரொட்டியும் சாப்பிட்டுத் தயாராக இருந்தாள். நாலே முக்கால். எல்லாம் திட்டப்படி. நான் ஃபைலோடு வாசலுக்கு வந்தேன்.

ஐந்து மணி. டாக்சி இல்லை.

ஐந்தே கால். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் ரோடு இருட்டாகக் கிடந்தது.

ஐந்தரை. செல்வத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தோட்டத்து போன் ஆபீசில் இருக்கிறது, ஆபீஸ் பூட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. அண்ணனிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள்.

“பரிமளாவ நான் ஏத்திக்கிட்டுப் போறேன்” என்றார் அண்ணன். “சைக்கிள என்ன பண்றது?”

“நான் பின்னால ஒக்காந்து சைக்கிளப் பிடிச்சுக்கிறேன்” என்றேன்.

“அப்ப பரிமளா எங்க ஒக்காருவா?”

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பரிமளா முன்சக்கரத்தை மாட்டிவிட்டாள். பையைக் கழற்றி என் தோளில் போட்டாள்.

“பத்துக் கட்டைதான? நான் மிதிச்சே போறேன். அண்ணே, நீங்க பின்னால வந்து லைட் மட்டும் அடிங்க.”

“நீந்துறதுக்கு முன்னாலயே பதினாறு கிலோமீட்டரா? காலு என்னத்துக்கு ஆகும்?” என்றேன்.

“போகாம இருந்தா என்னத்துக்கு ஆகும்?”

நான் ஃபைலை மூடி அந்தப் பைக்குள் செருகினேன்.

அப்படித்தான் கிளம்பினோம். முன்னால் அவள் சைக்கிள். பின்னால் அண்ணன் ஓட்ட, நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில். செம்மண் ரோட்டில் குழியும் கல்லும். ஒரு இடத்தில் பின்சக்கரம் வழுக்கியது. அவள் ஒரு காலை ஊன்றி, நிமிர்ந்து, மறுபடி மிதித்தாள். தார் ரோடு வந்ததும் முதுகை வளைத்துக்கொண்டு வேகமெடுத்தாள்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த முதுகையும், ஒரே சீராக ஏறி இறங்கும் கால்களையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வருஷமாக இவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. காலையில் வீட்டுக்குள் வரும் வியர்வையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்னவோ போல இருந்தது. வெட்கம் என்றே சொல்லிவிடுகிறேனே.

அண்ணன் தலையைத் திருப்பாமல் சொன்னார். “டேய், முப்பதத் தாண்டிப் போறாடா.”

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு, நேற்று ‘அனுப்ப மாட்டேன்’ என்றவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆறு இருபத்தைந்துக்குத் தெலுக் பாத்திக். பேர் கொடுத்தாள். கையில் எண் எழுதினார்கள். சரியாக ஏழரைக்கு விசில். நூறு பேருக்கு மேல் கடலுக்குள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் வெறும் தலைகள்.

“எது நம்ம புள்ள?” என்றார் அண்ணன்.

“அதோ, வலது பக்கம் மூணாவது.” உறுதியாகக் காட்டினேன்.

இருவரும் அந்தத் தலையை விடாமல் பார்த்தோம். அது நல்ல வேகம். எங்களுக்கு ஒரே சந்தோஷம். கரையேறியபோது அதற்குத் தாடி இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர்.

பரிமளா வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்து, தள்ளாடி… ஆனால் வந்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்போது எங்களைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கினாள்.

அவள் சைக்கிளை முடித்து ஓடத் தொடங்கிய நேரத்துக்கு ஒரு காய்கறி வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. கமலா அண்ணி, லெட்சுமி அக்கா, இன்னும் ஐந்து பெண்கள், முட்டைக்கோஸ் வாசனையோடு இறங்கினார்கள். வேன்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தார்களாம். அதற்கு ஃபைலெல்லாம் தேவைப்படவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கிராணி விழித்துக்கொண்டான். திரும்பிப் போக வண்டி? அந்த செல்வத்தை நம்ப முடியுமா? அசந்துபோனவளைச் சைக்கிளோடு எப்படி ஈப்போவுக்குக் கொண்டுபோவது? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் கணக்குப்படி அவள் ஓடி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுமுட் டவுனுக்குப் போனேன். ஸ்டாண்டில் இருந்த ஒரே டாக்சிக்காரர் சைக்கிள் என்றதும் தலையாட்டி மறுத்துவிட்டார். இன்னொருவருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பி வந்தேன்.

பரிமளா மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“முடிச்சிட்டாளா?”

“கால் மணி நேரமாச்சு” என்றார் அண்ணி. “நீ எங்க போன?”

“டாக்சி பாக்க.”

அண்ணி விசிறிக்கொண்டே இருந்தார்.

நடந்ததை லெட்சுமி அக்காதான் சொன்னார். கடைசி அரை மைலில் பரிமளாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடக்கத் தொடங்கினாள். பிறகு அதுவும் முடியாமல் நின்றுவிட்டாள். ஓரத்தில் கயிறு கட்டியிருந்தது. தொடக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சட்டம். அண்ணி கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவளுக்கு நேராகப் போய் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேலையை இடுப்பில் செருகினார். மெதுவாக நடந்தார். பரிமளாவும் நடந்தாள். அண்ணி வேகத்தைக் கூட்டினார். அவளும் கூட்டினாள். கடைசி வளைவில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேரும் ஓடினார்களாம்.

“கோட்டத் தாண்டுனதும் ரெண்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவுது” என்றார் லெட்சுமி அக்கா. “எதுக்கு அழுவுதுன்னு எங்களுக்குத் தெரியல. நாங்களும் அழுதோம்.”

இவ்வளவும் நடந்தபோது நான் டவுனில் ஒரு மூடிய கடை வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிமளா என்னைக் கேட்டாள். “நான் வந்தத நீங்க பாக்கலதான?”

‘தூரத்திலிருந்து பார்த்தேன்’ என்று ஒன்று தயாராகத்தான் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது.

“பாக்கல” என்றேன். “தப்புப் பண்ணிட்டேன்.”

அவள் கையை நீட்டினாள். “தூக்கி விடுங்க. காலு மடங்க மாட்டேங்குது.”

அண்ணன் மோட்டார் சைக்கிளில் வர, மற்ற எல்லோரும் காய்கறி வேனில் வீடு திரும்பினோம். சைக்கிளும்தான், யாரும் அதற்கு சீட் கேட்கவில்லை. பரிமளா சொன்னபடியே கறியை ஒரு கை பார்த்தாள். இரண்டு கை என்றும் சொல்லலாம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு பொறுக்கிப் பொறுக்கி வைத்தார்.

சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் செல்வம். குளித்து, பவுடர் போட்டு, புதுச் சட்டையில் இருந்தார்.

“ஏங்க, காலையில அஞ்சு மணிக்குக் காத்திருந்து காத்திருந்து…”

“காலையிலயா? நாளைக்கு அஞ்சு மணின்னுதான சொன்னீங்க அண்ணே. ஞாயித்துக்கெழம காலையில அஞ்சு மணிக்கு யாரு டாக்சி கேப்பாங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. அலுவலகப் பெரியவரின் நல்ல காலம், இதுவரை அவர் தப்பித்தது. இருபது வருஷ அனுபவம், ஒரு ஃபைல், நகலோடு கடிதங்கள்… ‘காலையில்’ என்ற ஒரு வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. நம்மில் பலர் வீட்டு ஆட்களுக்காக எவ்வளவோ ஏற்பாடு செய்கிறோம். வண்டி, ரூம், சாப்பாடு, திரும்பும் வழி. ஏற்பாடு யாருக்காகவோ, அவர்களைத்தான் அந்த அவசரத்தில் ஒரு ஓரமாக உட்காரவைத்துவிடுகிறோம். அவர்கள் பாவம், பையை மடியில் வைத்துக்கொண்டு நம் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் அவர்கள் கேட்டது பெரும்பாலும் இதில் கால்வாசிகூட இருக்காது.

புதன்கிழமை பரிமளா இன்னொரு பாரம் கொண்டுவந்தாள். அடுத்த போட்டி போர்ட்டிக்சனில்.

“தங்குற எடத்துக்கு நானே எழுதிட்டேன். பஸ்ஸுக்கும் சொல்லியாச்சு. அண்ணியும் வாராங்க.”

“அப்ப எனக்கு?”

“ஒரே வேலதான். முடியிற கோட்டுகிட்ட நிக்கணும். எங்கயும் போகக் கூடாது.”

சரியென்றேன். ஓரிடத்தில் அசையாமல் நிற்பது எப்படி என்று இப்போது ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.